வெடிச் சத்தம் இல்லாத ஏழு நிமிஷம்

இந்த எபிசோடில் விருந்தினர் யாரும் இல்லை, நான் மட்டும்தான். குறும்படம் எடுக்கப் போய் கதை சொல்லக் கற்றுக்கொண்டதைப் பற்றிப் பேசலாம்னு உட்கார்ந்திருக்கேன். கற்றுக்கொண்டேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. எங்கெங்கே தப்புப் பண்ணினேன், யார் திருத்தினார்கள் என்று சொல்கிறேன். அதுதான் சரியாக இருக்கும்.

முதலில் ஊரைச் சொல்லிடறேன். என் ஊர் ஏழாயிரம்பண்ணை. விருதுநகர் மாவட்டம், சாத்தூர் பக்கம், கோவில்பட்டியும் கிட்டத்தான். கரிசல் காடு. சுற்றிலும் பட்டாசு ஆலைகளும் தீப்பெட்டி ஆலைகளும். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் ஆலை என்ற சொல்லே வராது. எல்லாமே ஆபீஸ்தான். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். நான் இன்ஜினியரிங் முடித்து சென்னையில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்தபோது, தெருவில் ஒரு பாட்டி கேட்டார்:

"எந்த ஆபீஸ்ல சேந்துருக்கய்யா?"

அம்மா முந்திக்கொண்டு, "அவன் கம்ப்யூட்டர் ஆபீஸ்" என்றார்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வெடிக்காதுல்ல? அப்ப நல்ல ஆபீஸ்தான்" என்றார்.

சென்னையில் இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். ஊரில் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஒரே வரி, இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் போய்ச் சேர்கிறது. இன்றைக்கு நான் சொல்லப்போற விஷயம் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் இது எனக்குப் புரிய நாலு வருஷமும் இரண்டு குறும்படமும் ஆனது.

பக் ரிப்போர்ட் மாதிரி கதை

எனக்குக் கதை சொல்ல வராது. அடக்கத்துக்காகச் சொல்லலை. ஹாஸ்டலில் நான் ஒரு சம்பவத்தை ஆரம்பித்தால் பாதியில் எல்லோரும் போனை எடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் திருடன் பர்ஸ் அடித்த கதை என்றால், நான் காலையில் பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பிப்பேன். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எல்லாம் வரிசையாக வரும். பக் ரிப்போர்ட் எழுதுவதற்கு அது நல்ல குணம். கேட்கிறவருக்குத் தண்டனை.

ஆனால் சினிமாப் பைத்தியம் இருந்தது. நான் ஹைஸ்கூல் படித்த காலத்தில், 2010 வாக்கில், கலைஞர் டிவியில் 'நாளைய இயக்குனர்' வந்துகொண்டிருந்தது. பெரிய இயக்குநர் யாரிடமும் உதவியாளராக இருந்து தேயாத பையன்கள், சில நிமிஷப் படம் எடுத்துக்கொண்டு வந்து நடுவர்கள் முன்னால் உட்காருவார்கள். கார்த்திக் சுப்பராஜ் அதில் வந்தவர். மதுரைக்காரர், இன்ஜினியரிங் படித்து சாஃப்ட்வேர் வேலையில் இருந்தவர். 2012ல் அவருடைய 'பீட்சா' வந்தது. முதல் சீசனில் ஜெயித்த நலன் குமாரசாமி 2013ல் 'சூது கவ்வும்' எடுத்தார். ராம்குமார் குறும்படமாகச் செய்த 'முண்டாசுப்பட்டி' 2014ல் முழுப் படமாகவே வந்தது.

அதற்கு முன் சினிமாவுக்குப் போகப் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வழிதான். கோடம்பாக்கத்தில் அறை எடுத்து, யாரிடமாவது உதவியாளராகச் சேர்ந்து, பல வருஷம் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை உடைத்ததில் இரண்டு சாதனங்களுக்குப் பங்கு உண்டு. போட்டோ எடுக்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவிலேயே நல்ல வீடியோ எடுக்கலாம் என்று ஆனது 2008க்குப் பிறகு. எடுத்ததைப் போட யூடியூப் இருந்தது. மூன்றாவதாக ஒன்றையும் நான் சேர்ப்பேன்: நேரக் கட்டுப்பாடு. சில நிமிஷத்துக்குள் முடிக்கணும் என்றால் பல் தேய்த்ததிலிருந்து ஆரம்பிக்க முடியாது. 'முண்டாசுப்பட்டி'யை எடுத்துக்குங்க. போட்டோ எடுத்தால் செத்துப்போவோம் என்று நம்புகிற ஒரு ஊர், அங்கே போட்டோ எடுக்கப் போகிற ஒருத்தன். ஒரு வரிதான். கேட்டவுடனே அடுத்து என்ன ஆகும் என்று நாம் யோசிக்க ஆரம்பித்துவிடுகிறோம்.

எனக்கும் ஒரு வரி கிடைத்தது. கிடைத்தது என்று நினைத்தேன்.

முதல் படம்

2017, கல்லூரி மூன்றாம் வருஷம். நாலு பேர், வாடகைக்கு எடுத்த ஒரு கேமரா. ஏழைப் பெண் ஒருத்தி தம்பியைப் படிக்க வைக்கப் பட்டாசு ஆலைக்குப் போகிறாள். மறுநாள் அவளுக்குக் கல்யாணம். இன்னொரு நாள் கூலி கிடைக்குமே என்று கடைசியாக ஒரு தடவை போகிறாள். வெடி. கறுப்புத் திரை. வயலின். முடிந்தது. 14 நிமிஷம்.

கைவிடப்பட்ட கோழிப் பண்ணை ஒன்றைப் பட்டாசு ஆலையாக மாற்றினோம். வைக்கோலைக் கொளுத்திப் புகை. இணையத்திலிருந்து இறக்கிய தீப்பிழம்பை அதன் மேல் ஒட்டினோம். ஒரு கோணம் போதாதென்று மூன்று கோணத்தில் மூன்று தடவை வெடிக்க வைத்தேன். கல்லூரி விழாவில் கைதட்டல். இரண்டு பேர் அழுதார்கள். நான் இயக்குநர் ஆகிவிட்டதாக முடிவு செய்துவிட்டேன்.

லீவுக்கு ஊருக்குப் போனதும் லேப்டாப்பை ஸ்டூல் மேல் வைத்து அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். பெரியம்மா அம்மாவின் அக்கா. பல வருஷம் முன்னால் ஒரு விபத்தில் தப்பித்தவர். இடது கை முழங்கையிலிருந்து விரல் வரை தோல் சுருங்கி இழுத்திருக்கும். சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கினது மடங்கினபடிதான்.

அவருக்கு இந்தப் படத்தைக் காட்டலாமா என்ற யோசனைகூட எனக்கு வரவில்லை. இன்று நினைத்தால் அதுதான் அந்தப் படத்தின் பெரிய தப்பு.

வெடி வந்தபோது பெரியம்மா திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார்:

"நல்லாத்தான் எடுத்துருக்க தம்பி. ஆனா அந்தப் பிள்ள என்ன, செருப்புப் போட்டுக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போகுது?"

எனக்குப் புரியவில்லை.

"செருப்போட உள்ள போனா போர்மேன் கால ஒடிச்சுருவாரு. அவ செருப்போட நுழையவும் எனக்கு ஈரக்கொலை நடுங்கிப் போச்சு. சரி, இந்தச் செருப்புலதான் ஏதோ வச்சுருக்கான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீ அதச் சொல்லவே இல்லயே."

அந்த நடிகைக்குக் கோழிப் பண்ணையில் முள் குத்தும் என்று நாங்கள்தான் செருப்புப் போட்டு நடக்கச் சொன்னோம். அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "வெடிச்சதும் நீ படத்த முடிச்சுட்ட. எங்களுக்கு அதுக்கப்புறந்தான எல்லாம்." அதைப் பெரிசாகச் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது, அதைப் பார்க்கப் போனார்.

மேஜைக்கு அடியில் குண்டு

அந்தச் செருப்பு என்னை விடவில்லை. முதல் தடவையாக என் ஊர்த் தொழிலைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வருஷம் அங்கேயே வளர்ந்தவன் நான்!

மருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போக வேண்டும். செருப்பில் ஒட்டிய ஒரு மணல், ஒரு உரசல் போதும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்கு, உள்ளே போகுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடுப்பு பருத்தியாக இருக்க வேண்டும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. கலந்த மருந்தை மிச்சம் வைக்கக் கூடாது, ஏனென்றால் அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானாகவே சூடேறும். விபத்து நடந்த பிறகு விசாரித்தால் பெரும்பாலும் இதில் ஏதோ ஒன்று மீறப்பட்டிருக்கும். நாலு பேர் அறையில் பத்துப் பேர், இல்லையென்றால் மரத்தடியில் வைத்து வேலை, இல்லையென்றால் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு எடுத்து நடத்துவது வேறொருவர்.

அந்தச் சமயத்தில்தான் ஹிட்ச்காக்கைப் படித்தேன். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ 1962ல் அவரை உட்கார வைத்து நாள்கணக்கில் பேட்டி எடுத்தார், பிறகு அது புத்தகமாக வந்தது. அதில் பிரபலமான உதாரணம் ஒன்று வரும். இரண்டு பேர் மேஜையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று அடியில் இருக்கும் குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவர்களுக்குச் சில விநாடி அதிர்ச்சி. அதே காட்சியில், குண்டு இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு மட்டும் முன்னாடியே தெரிந்தால்? அதே வெட்டிப் பேச்சு தாங்க முடியாததாகிவிடும். பல நிமிஷம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார்கள்.

படித்ததும் எனக்குச் செருப்புதான் ஞாபகம் வந்தது. பெரியம்மாவுக்கு அதுதான் மேஜைக்கு அடியில் இருந்த குண்டு. தெரியாமலே நான் ஒரு பிரமாதமான சஸ்பென்ஸ் காட்சி எடுத்திருக்கிறேன், எடுத்ததே எனக்குத் தெரியாது! மூன்று கோணத்தில் மூன்று வெடி எனக்குத் தேவைப்பட்டது. விஷயம் தெரிந்தவருக்கு ஒரு செருப்பு போதுமாக இருந்தது.

நான் கற்ற முதல் பாடம் இது: பார்க்கிறவர் வெறும் கையோடு வருவதில்லை. பாதிக் கதையைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். அவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் நான் மீதியைச் சொல்ல முடியாது.

டிவி செய்திகளில் எங்கள் பகுதி எப்போது வரும்? புகையோடு ஆரம்பிக்கும், நிவாரணத் தொகையோடு முடியும். என் முதல் படமும் அதே அச்சுதான். செய்தியில் பார்த்ததைத்தான் நான் திருப்பிக் கொடுத்திருந்தேன். அந்த அச்சில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டே வேடம்: சாகிறவர், அழுகிறவர்.

தூக்கத்தில் பின்னிய சடை

எனக்கு முன்னால் இந்த மண்ணைப் படம் எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். சலம் பென்னுர்கர் என்ற பெங்களூர்க்காரர் 1990ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார். சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்ற செல்லப் பெயர் உண்டு. அந்தப் பெயரின் பின்னால் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போன குழந்தைகளைப் பற்றியது படம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் எழுத்தாளர் பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக 'கருவேலம்பூக்கள்' என்ற படத்தை இயக்கினார். அதுவும் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் பிள்ளைகள் கதைதான். குழந்தைத் தொழிலாளர் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே, அந்த வழக்கும் சிவகாசிக் குழந்தைகளை வைத்துத்தான் தொடங்கியது.

இதையெல்லாம் பெரிய ஆராய்ச்சியாளர் மாதிரி அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "உங்க காலத்துல சின்னப் பிள்ளைகளை விடியுறதுக்கு முன்னாடி ஆபீஸ் பஸ்ல ஏத்திட்டுப் போவாங்களாமே?" என்று கேட்டேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நான் போயிருக்கேன்ல."

எனக்கு 22 வயசு. அம்மா ஒன்பது வயசில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனது அன்றுதான் தெரியும். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. வேலை எப்படி இருந்தது என்று கேட்டேன். கட்டை அடுக்கினோம், பெட்டி ஒட்டினோம், அவ்வளவுதான் என்றார். வேறு என்ன ஞாபகம் இருக்கு என்று கேட்டதும் கொஞ்சம் யோசித்தார்.

"எங்கம்மா எனக்குத் தூக்கத்துலயே சடை பின்னிரும். பஸ்ல முழிச்சுப் பாத்தா சடை இருக்கும். யாரு பின்னுனா, எப்பப் பின்னுனான்னே தெரியாது."

இதை நான் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்க முடியுமா? நிச்சயமாக முடியாது. நான் எழுதியிருந்தால் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஏங்கியிருக்கும். ரெண்டாவது பாடம் இப்படித்தான் வந்தது. "உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால், ஏற்கனவே ஆயிரம் பேர் சொன்ன பதில்தான் வரும். "வேறு என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கணும். இந்த பாட்காஸ்டில் விருந்தினரிடம் நான் அதிகமாகக் கேட்கிற கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். அது அங்கேயிருந்து வந்ததுதான்.

இரண்டாவது படம்

2021 பொங்கல். கொரோனாவால் வீட்டிலிருந்தே வேலை, ஊரில்தான் இருந்தேன். இந்தத் தடவை வெடியே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கதை இவ்வளவுதான்: சாயங்காலம். ஒரு பையன் ஆபீஸ் வேனில் வரும் அம்மாவுக்காகக் காத்திருக்கிறான். தெருவில் அவரவர் வேலை நடக்கிறது. திடீரென்று எல்லோரும் ஒரே திசையில் திரும்புகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து வேன் வருகிறது. அம்மா இறங்குகிறார். "சாப்ட்டியா?" என்கிறார். வீட்டுக்குப் போகிறார்கள்.

எங்கள் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் திரும்பல் தெரியும். தூரத்தில் ஒரு சத்தம் கேட்டால் மாவு ஆட்டுகிற கை நிற்கும், டீ ஆற்றுகிற கை நிற்கும், எல்லாத் தலையும் வானத்தில் புகையைத் தேடும். எந்தப் பக்கம் என்பதுதான் முதல் கேள்வி. பாதி நேரம் அது கல்குவாரியாக இருக்கும், கோவில் வேட்டாக இருக்கும். உடனே மாவு ஆட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

போனிலேயே எடுத்தேன். எடிட்டிங்கில் முதலில் அந்தச் சத்தத்தைப் போட்டேன். பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டேன். சத்தம் இல்லாமல் வெறும் திரும்பல் மட்டும். அது சரியாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தடவை போடச் சொன்னார். நான் மிதந்தேன்.

அப்புறம் சென்னை நண்பர்கள் நாலு பேருக்கு அனுப்பினேன். நாலு பேரும் ஒரே கேள்வி: "எல்லாரும் ஏன் திரும்புறாங்க? விமானமா?"

முதல் படம் வெளியூர்க்காரர்களுக்குப் புரிந்தது, ஊருக்குப் பொய்யாக இருந்தது. இரண்டாவது படம் ஊருக்குப் புரிந்தது, வெளியூருக்கு விமானம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் எழுத்துப் போட்டு விளக்கலாமா? கடைக்காரரை வைத்து, "இப்படித்தான் போன வருஷமும் வெடிச்சுது" என்று பேச வைக்கலாமா? எழுதிப் பார்த்தேன். ஊரில் யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். எல்லோருக்கும் தெரிந்ததை யார் யாரிடம் சொல்வார்கள்?

டிவி மேல் இருந்த போன்

அடுத்து நடந்ததைச் சொல்றேன். இதை இங்கே தேதியோடு சொல்வதற்கு அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. அச்சங்குளம் விபத்து நடந்த நாள். எங்கள் ஊருக்குப் பக்கம். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் அன்றாடக் கூலிக்குப் போனவர்கள்.

அன்று மதியம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இதே படத்தை எடிட் பண்ணிக்கொண்டிருந்தேன், காதில் ஹெட்போன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது தெருவில் எல்லோரும் ஒரே திசையில் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். லேப்டாப்பில் இருந்த காட்சியே வெளியேயும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் திரும்பி வேலையைத் தொடரவில்லை.

அம்மா அப்போது வேறொரு ஆபீஸில் சரம் பின்னும் வேலையில் இருந்தார். எந்த ஆபீஸ் என்று தெருவில் ஒருவருக்கும் உடனே தெரியவில்லை. நான் போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தேன். மணி அடித்தது. என் முதுகுக்குப் பின்னால், டிவி மேலே.

பயர் ஆபீஸுக்குள் போன் கொண்டு போகக் கூடாது. எல்லோரும் வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்தும் அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் டிவி மேல் அது அடித்து அடித்து நின்றது.

அம்மா சாயங்காலம் வந்துவிட்டார். வந்ததும் குளித்தார். அப்புறம் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "மூணு மிஸ்டு கால் கெடக்கு" என்று மட்டும் சொன்னார். அன்று இரவு எங்கள் தெருவில் யாரும் டிவி போடவில்லை.

நான் அந்த ஃபைலைத் திறக்க நாலு மாதம் ஆனது. திறந்தபோது, எனக்கு வேண்டியிருந்த அந்த ஒரு ஷாட் என்னிடம் இருந்தது. பையன் போனை எடுத்து அம்மாவுக்கு அடிக்கிறான், மணி வீட்டுக்குள்ளேயே அடிக்கிறது. வெளியூர்க்காரருக்கு எழுத்தும் வேண்டாம், கடைக்காரரின் வசனமும் வேண்டாம். அந்த அம்மா எங்கேயோ இருக்கிறார், அவரைத் தொடர்புகொள்ள வழியே இல்லை, பையன் பயப்படுகிறான். எல்லாம் ஒரே மணியில் புரிந்துவிடும்.

ஆனால் எடுக்கலாமா? மற்றவர்கள் வீட்டில் சாவு நடந்த நாளிலிருந்து எனக்கு ஒரு நல்ல ஷாட் கிடைத்தது என்று நினைக்கவே அருவருப்பாக இருந்தது. அம்மாவிடம் சொன்னேன்.

"அது நம்ம வீட்டு போன்தான. எடுத்துக்க. ஆனா அன்னைக்கு நடந்ததுன்னு படத்துல போடாத. அவுக வீட்டுக் கதை அவுககிட்ட இருக்கட்டும்."

இதை நான் எந்தத் திரைக்கதைப் புத்தகத்திலும் படித்ததில்லை. எது என்னுடைய கதை, எது என்னுடையது இல்லை என்ற கோட்டை அம்மா ஒரே வாக்கியத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

கையை மூடிய முந்தானை

ஆகஸ்டில் மறுபடி எடுத்தோம். பெரியம்மாவே வேனிலிருந்து இறங்கும் அம்மாவாக நடிக்கிறேன் என்றார். நான் ஷாட் பிரித்து வைத்திருந்தேன்: வேன் கதவு, இறங்கும் கால், பிறகு பையனின் தோளைத் தொடும் இடது கை, க்ளோசப். சுருங்கிய தோல், மடங்கிய விரல். வசனமே இல்லாமல் எல்லாம் சொல்லிவிடும் என்று நினைத்தேன்.

கேமரா ஓடியதும் பெரியம்மா முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டார். இன்னொரு டேக் போனோம், அப்பவும் மூடினார். நான் கொஞ்சம் விளக்கினேன், கொஞ்சம் கெஞ்சினேன்.

"இதக் காட்டுனா இதத்தான்யா பாப்பாக. என்னைய எங்க பாப்பாக?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது, பொய் சொல்லலை. மனசில் இருந்த படத்தின் கடைசி ஷாட் போகிறதே. வேறு வழி இல்லாமல் அவர் இஷ்டப்படி எடுத்தோம். வலது கையால் பையன் தலையைத் தடவிவிட்டு, "சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டே முன்னால் நடக்கிறார். இடது கை முந்தானைக்குள்ளேயே இருக்கிறது. எடிட்டிங்கில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த மூடிய கையை நம்மால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவரைத்தான் பார்க்கிறோம். வீட்டுக்குப் போகிற ஒரு அம்மாவைப் பார்க்கிறோம்.

11 நிமிஷம் இருந்ததை 7 ஆக்கினேன். முதலில் போனது பையன் பள்ளிக்கூடம் விட்டு வருகிற காட்சி, அதாவது நான் பல் தேய்க்கிற காட்சி. அப்புறம் இசை முழுவதும் போனது. சென்னை நண்பர்கள் நாலு பேருக்கும் மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை யாரும் விமானமா என்று கேட்கவில்லை. ஒருத்தன் மட்டும் போன் பண்ணி, அவன் அம்மா எங்கே வேலை பார்க்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தான். எட்டு வருஷ நண்பன். அதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

படத்துக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு விழாவுக்கு அனுப்பினேன், இரண்டிலும் தேர்வாகவில்லை. இதையும் சொல்லிடணும், இல்லையென்றால் இது வெற்றிக் கதை மாதிரி ஆகிவிடும்.

சரி, உங்களில் யாராவது கதை சொல்லக் கற்றுக்கொள்ளணும்னு நினைத்தால் நான் சொல்வது இதுதான். கேமரா வாங்க வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். ஐந்து நிமிஷத்துக்குள் ஒன்று எடுங்க. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு இடம், அங்கே ஒருவர் ஒருவருக்காகக் காத்திருக்கிறார், அவ்வளவு போதும். எடுத்ததை இரண்டு பேரிடம் காட்டுங்க. ஒருவர் அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர், இன்னொருவர் அதைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர். முதலாமவர் எங்கே முகம் சுளிக்கிறார், இரண்டாமவர் எங்கே முழிக்கிறார் என்று மட்டும் பாருங்க. வாயைத் திறந்து விளக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே படம் போய்ச் சேருகிற வரைக்கும் வெட்டுங்க, மாற்றுங்க. முதலாமவர் ஏதாவது ஒன்றைக் காட்டாதே என்றால், காட்டாதீங்க.

அம்மா இன்னும் ஆபீஸுக்குப் போகிறார். வேண்டாம் என்றால் கேட்பதில்லை. போன் இன்னும் டிவி மேலேதான் இருக்கிறது. அதனால் நான் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கூப்பிடுவேன். எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான், "சாப்ட்டியா?"

இப்போ மணி ஆறு பத்து. நான் கூப்பிடணும். அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.